விழாமற் காப்பதே சிக்கனம்

ஆஸ்பத்திரிக்குச் செல்லுகிறவர் உள்ள நோயைத் தீர்த்துக்கொள்வதற்காகச் செல்லுகிறார். இல்லாத நோயைச் சம்பாதித்துக்கொண்டு திரும்புவதற்காக அல்ல. ஆயினும், மார்ச்சளி ஜுரத்துடன் வந்து சேர்ந்த எழுபது வயதுப் பெரியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நான்கே நாளில் ஜுரம் தணிந்துவிட்டது. "நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போகிறார். அன்றிரவு இரண்டு மணிக்குப் பெரியவருக்குச் சிறுநீர் உபாதை உண்டாகிறது. வேலை மிகுதியால் களைத்திருக்கும் நர்ஸைக் கூப்பிட்டுத் தொந்தரவு கொடுப்பானேன் என்று கருதித் தாமே எழுகிறார். தூக்க மாத்திரையின் மயக்கம் ஒரு பக்கம். நான்கு நாள் படுத்த படுக்கையாய் இருந்ததால் கால்களில் பலமின்மை ஒரு பக்கம். மூன்றடி வைப்பதற்குள் தலை கிறுகிறுத்து விழுந்துவிடுகிறார். இடுப்பெலும்பு முறிகிறது. வீடு திரும்ப வேண்டியவர் மாதக் கணக்கில் படுக்கையிற் கிடக்கிறார். இப்படி விழுந்தவர்களில் சிலர் அந்தப் படுக்கையைவிட்டுப் பிறகு எழுவதே இல்லை.

"யானைக்கும் அடி சறுக்கும், கிழவருக்குச் சறுக்கியதில் என்ன ஆச்சரியம்?" என்று கேட்டு நாம் இதை விட்டுவிடுவது வழக்கம். விதியின்மேற் பழியைப் போட்டுவிட்டால் யாருக்கும் பொறுப்பில்லை அல்லவா? ஆனால் உலகத்தில் தற்செயலான விபத்துக்களால் நேரும் மரணங்களுக்குச் சாலை விபத்துக்கு அடுத்தபடியான காரணம் கீழே விழுவதே என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. 2021-ம் வருஷத்தில் அது வெளியிட்ட குறிப்பின்படி, வருஷந்தோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். இவர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் ஏழை தேசங்களையும் நடுத்தர வருமானமுள்ள தேசங்களையும் சேர்ந்தவர்கள். வீட்டிலும் வீதியிலும் வேலைத்தலத்திலும் விழுகிறவர்கள் எல்லோரும் இக்கணக்கில் அடங்குவர். ஆஸ்பத்திரிக்குள் விழுகிறவர்கள் ஒரு சிறு பகுதியினரே. ஆனால் அச்சிறு பகுதிக்கு ஒரு விசேஷம் உண்டு. டாக்டரும் நர்ஸும் மருந்தும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில், பிறருடைய பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்ட மனிதர் அவர்கள். ஆகையால் அந்த வீழ்ச்சியை விதியென்று சொல்லிக் கைகழுவிவிட நியாயமில்லை.

பணக் கணக்குப் பார்க்கலாமா?

"உயிர் விஷயத்தில் ரூபாய் அணாக் கணக்குப் பார்ப்பது மனிதத்தன்மையாகுமா?" என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நல்ல மனத்திலிருந்து பிறப்பதுதான். எனினும், பொதுஜனப் பணத்தில் நடைபெறும் ஆஸ்பத்திரியில் கணக்குப் பாராமல் எந்தக் காரியமும் நடப்பதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. இன்று ஒரு படுக்கையில் ஒருவர் எட்டு நாள் அதிகமாகக் கிடந்தால், அந்த எட்டு நாளும் வெளியில் காத்திருக்கும் மற்றொருவருக்கு அப்படுக்கை இல்லை. ஒரு முறிவுக்குச் செலவாகும் தொகை வேறொரு குழந்தையின் மருந்துக்குக் கிடைப்பதில்லை. ஆகவே வீணாகும் பணம் வெறும் பணமன்று. வேறொருவருக்குக் கிடைக்காமற்போன சிகிச்சையே அது. கணக்குப் பார்ப்பதற்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. தவறான கணக்குப் பார்ப்பதற்கே வெட்கப்பட வேண்டும்.

தவறான கணக்கு எது? ஒரு வார்டுக்கு இன்னும் ஒரு நர்ஸ் வேண்டும் என்றால் அதற்குச் சம்பளம் எவ்வளவு என்பது பட்ஜெட்டில் ஒரு தனி வரியாகக் கண்ணுக்குத் தெரியும். அந்த நர்ஸ் இல்லாத காரணத்தால் விழுந்தவர்களுக்கு ஆன செலவோ, எக்ஸ்ரே, ரண சிகிச்சை, மருந்து, சாப்பாடு என்று பல தலைப்புக்களில் சிதறி மறைந்துபோகும். முதலாவது செலவைக் குறைக்கிறவர் சிக்கனக்காரர் என்று பெயர் வாங்குகிறார். இரண்டாவது செலவுக்கு யாரும் பொறுப்பாளியல்ல. கடுகு போன இடத்தை ஆராய்ந்துகொண்டு, பூசணிக்காய் போன இடத்தை அறியாமல் இருப்பது என்று நம் பெரியோர் சொன்னது இதைத்தான்.

பூசணிக்காய் போன இடம்

அந்தப் பூசணிக்காயைத் தேடிப் பிடித்தவர்கள் அமெரிக்காவில் உள்ள சில ஆராய்ச்சியாளர்கள். பாஸ்டன் நகரத்தில் பிரிகாம் பெண்கள் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த பட்ரீஷியா டைக்ஸ் என்னும் நர்ஸ் ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும், பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் இரண்டு பெரிய ஆஸ்பத்திரி ஸ்தாபனங்களின் கணக்குப் புஸ்தகங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். சுமார் 9 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் அவற்றில் இருந்தன. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே விழுந்தவர்கள் 10,000 பேருக்குச் சற்று அதிகம். அவர்களைப் போன்ற நிலையில் இருந்தும் விழாத நோயாளிகளை எதிர்ப்பக்கத்தில் வைத்து, இரு சாராருக்கும் ஆன செலவை ஒப்பிட்டார்கள். 2023-ல் முடிவு வெளியாயிற்று.

ஒரு வீழ்ச்சிக்கு ஆன மொத்தச் செலவு சராசரி 62,521 டாலர். இதில் நேர்ச்செலவு மட்டும் 35,365 டாலர். அமெரிக்காவில் வைத்தியம் மிகவும் கிராக்கியானது என்பது உலகறிந்த விஷயம். அத்தொகையை ரூபாயாக மாற்றி நம் தேசத்துக்குப் பொருத்துவது பிசகாகும். நாம் கவனிக்க வேண்டியது தொகையை அல்ல, அந்தக் கணக்கில் வெளிப்பட்ட மற்றோர் உண்மையை.

விழுந்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவர்களுக்குக் காயமே இல்லை. எலும்பு முறிந்தவர்களுக்குத்தான் செலவு அதிகமாகியிருக்கும், மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகியிராது என்றே யாரும் எதிர்பார்ப்போம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. காயம் பட்டவருக்கும் படாதவருக்கும் செலவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை.

இது எப்படி என்று யோசித்தால் விளங்காமற்போகாது. ஒருவர் விழுந்துவிட்டார் என்றால் டாக்டர் ஓடிவர வேண்டும். தலையில் உள்காயம் இருக்கிறதா என்று படம் எடுக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்ப இருந்தவரை இன்னும் இரண்டு நாள் வைத்துப் பார்ப்போம் என்பார்கள். விழுந்தவருக்கோ பயம் பிடித்துவிடுகிறது. நடக்க மறுக்கிறார். நடக்காததால் தசை மெலிகிறது, பலம் குறைகிறது, படுக்கைப்புண் வருகிறது. பிறர் துணையின்றி வீட்டில் இருக்க முடியாதென்று ஆகிவிடுகிறது. முறிந்த எலும்பு எக்ஸ்ரேயில் தெரியும். முறிந்த தைரியம் எதிலும் தெரியாது. ஆனால் செலவுக் கணக்கில் தெரிந்துவிடுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாக, விழுந்த அடி சிறிதாயினும் அதன் பின்னால் வரும் சுமை பெரிது.

ஆஸ்திரேலியாவில் 2015-ல் வெளியான வேறொரு கணக்கும் இதே திசையைக் காட்டுகிறது. அங்கே பொது ஆஸ்பத்திரிகளில் விழுந்தவர்கள், விழாதவர்களைவிடச் சராசரி எட்டு நாள் அதிகமாகப் படுக்கையில் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் 6,669 ஆஸ்திரேலிய டாலர் அதிகம் செலவாயிற்று.

பயன் தராத செலவுகள்

செலவு இவ்வளவென்று தெரிந்தவுடன், தடுப்பதற்காக எதையேனும் வாங்கிப் போட்டுவிட வேண்டுமென்ற அவசரம் ஏற்படுவது இயல்பு. நிர்வாகிகளுக்கு எப்பொழுதுமே சாமான் வாங்குவதில் ஒரு பிரியம் உண்டு. சாமானைத் திறப்பு விழாவில் காட்டலாம், புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அனுபவம் என்ன சொல்லுகிறது?

நோயாளி படுக்கையைவிட்டு எழுந்தால் உடனே மணியடிக்கும் கருவி ஒன்று உண்டு. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் 16 வார்டுகளைச் சீட்டுப் போட்டு இரு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் இக்கருவியைத் தாராளமாக உபயோகிக்கச் செய்தார்கள். 27,672 நோயாளிகளைக் கவனித்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். மணி அதிகமாக அடித்தது, விழுவது குறையவில்லை. மணியடித்த பிறகு நர்ஸ் ஓடிவருவதற்கும் நோயாளி தரையில் விழுவதற்கும் இடையே உள்ள நேரம் எத்தனை? ஓடிவர ஆள் இல்லாத இடத்தில் மணி எதற்கு?

ஆஸ்திரேலியாவில் இன்னும் பெரிய பரீட்சை ஒன்று நடைபெற்றது. ஆறு ஆஸ்பத்திரிகள், 24 வார்டுகள், 46,245 அனுமதிகள். விழக்கூடியவர் யார் என்று கண்டறிந்து, எச்சரிக்கைப் பலகை, குளியலறையில் துணை, கைக்கெட்டும் தூரத்தில் ஊன்றுகோல், குறித்த நேரத்தில் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல், தாழ்ந்த கட்டில், மணிக்கருவி ஆகிய ஆறு ஏற்பாடுகளில் வேண்டியவற்றைச் செய்ய வேண்டுமென்பது திட்டம். நர்ஸுகள் சிரத்தையுடன் அவற்றை முன்னிலும் அதிகமாகச் செய்யவும் செய்தார்கள். 2016-ல் முடிவு வெளியாயிற்று. விழுந்தவர் தொகையிலும் காயப்பட்டவர் தொகையிலும் வித்தியாசம் இல்லை! நேர்மையுடன் நடத்திய ஆராய்ச்சி, தனக்குச் சாதகமல்லாத முடிவையும் மறைக்காமல் வெளியிட்டது. அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். காரியம் பலிக்கவில்லை என்பதை அறிவதும் ஒரு லாபமே.

மூன்றாவது வழி தண்டனை வழி. அமெரிக்காவில் முதியோருக்கான சர்க்கார் வைத்திய இன்ஷூரன்ஸாகிய மெடிகேர், 2008-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி முதல் ஒரு விதி செய்தது. ஆஸ்பத்திரியில் விழுந்து ஏற்பட்ட காயத்துக்காக ஆஸ்பத்திரிக்கு அதிகப்படி பணம் கொடுப்பதில்லை என்பதே அவ்விதி. பையில் நஷ்டம் ஏற்பட்டால் புத்தி வரும் என்பது நம்பிக்கை. அதே விதி ஆஸ்பத்திரியில் தொற்றும் சில நோய்களுக்கும் பொருந்தும். விளைவு என்ன? 2015-ல் வெளியான ஆராய்ச்சியின்படி, ரத்தக் குழாயில் செருகும் குழல்களாலும் மூத்திரக் குழல்களாலும் உண்டாகும் தொற்று குறைந்தது. காயம் விளைவிக்கும் வீழ்ச்சி குறையவில்லை. தொற்றைத் தடுக்கும் முறை நன்கு தெரிந்திருந்தது. ஆகவே தண்டனைக்குப் பயந்து அதைச் செய்தார்கள். வீழ்ச்சியைத் தடுக்கும் முறை அவ்வளவு தெளிவாயிருக்கவில்லை. வழி தெரியாதவனை அடித்தால் அவன் ஊர் போய்ச் சேருவானா?

தண்டனைக்கு மற்றொரு கெடுதலும் உண்டு. விழுந்தால் அபராதம் என்றால், யாரையும் எழுந்திருக்கவே விடாமற் செய்துவிடலாம் என்ற குறுக்குப் புத்தி தோன்றும். கட்டிலின் இருபுறமும் கம்பியைத் தூக்கிவிட்டு, "அசையாதே, படுத்திரு" என்று உத்தரவிடுவது எளிது. ஆனால் கம்பியைத் தாண்ட முயல்கிறவர் இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார். படுத்தே கிடப்பவரின் கால்கள் நாளுக்கு நாள் பலமிழந்து, வீட்டுக்குப் போன பிறகு விழுவதற்குத் தயாராகிவிடுகின்றன. நடக்கவைப்பதற்கும் விழாமற் காப்பதற்கும் இடையே உள்ள இந்த முரண்பாட்டைக் குறித்து அமெரிக்க வைத்திய நிபுணர்களே 2017-ல் எச்சரித்திருக்கிறார்கள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிவது இதுவே.

பலித்த வழி

அப்படியானால் ஒன்றும் செய்வதற்கில்லையா? இருக்கிறது. அது ஆச்சரியப்படும்படி எளியது.

மேலே சொன்ன டைக்ஸும் அவர் சகாக்களும் முதலில் 2010-ல் ஒரு பரீட்சையின் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொரு நோயாளியும் எதனால் விழக்கூடும் என்று கண்டறிந்து, அவருக்கு மட்டும் பொருந்தும் ஏற்பாடுகளை ஒரு தாளில் அச்சடித்துக் கட்டிலருகே மாட்டினார்கள். விழுவது குறைந்தது, ஆனால் காயம் குறைந்ததாகத் தெரியவில்லை. பிறகு முறையைத் திருத்தினார்கள். அந்தத் தாளை நர்ஸ் தனியாக நிரப்பக் கூடாது. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவரோடும் அவர் குடும்பத்தாரோடும் பேசி நிரப்ப வேண்டும் என்று செய்தார்கள். "போன மாதம் வீட்டில் விழுந்தீர்களா? மருந்துத் தண்ணீர் ஏறும் குழலோடு நடக்க வேண்டியிருக்கிறதா? கழிப்பறைக்கு ஒருவர் துணை வேண்டுமா, இருவர் வேண்டுமா?" இத்தகைய கேள்விகள். பதிலுக்கேற்ற படங்களில் வர்ணக்குறி இடுவார்கள். எழுத்தறியாதவரும் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். நர்ஸ் மாறும்போது அடுத்தவரும் அந்தத் தாளை நோயாளியோடு பேசிச் சரிபார்க்கிறார்.

பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் மூன்று ஆஸ்பத்திரிகளின் 14 வார்டுகளில், 37,231 நோயாளிகளிடையே இம்முறையைச் செய்து பார்த்தார்கள். 2020-ல் வெளியான முடிவின்படி, விழுவது நூற்றுக்கு 15 வீதம் குறைந்தது; காயம் உண்டாக்கும் வீழ்ச்சி நூற்றுக்கு 34 வீதம் குறைந்தது. 2023-ல் வெளியான பணக் கணக்கின்படி, அந்த இரு ஸ்தாபனங்களுக்கும் ஐந்து வருஷத்தில் மிச்சமான தொகை சுமார் 2 கோடியே 20 லட்சம் டாலர். ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் அதை ஒரு படுக்கைநாள் என்று வைத்துக்கொண்டால், 1,000 படுக்கைநாளுக்கு, திட்டத்தின் செலவு போக, மிச்சம் 14,600 டாலர். ஒரு படுக்கைநாளுக்குப் பதினான்கரை டாலருக்குச் சற்று மேல். பெரிய தொகையாகத் தோன்றவில்லை. ஆனால் எப்பொழுதும் நிரம்பியிருக்கும் 100 படுக்கை ஆஸ்பத்திரியில் வருஷத்துக்கு 36,500 படுக்கைநாட்கள். அதே விகிதத்தில் பெருக்கிப் பார்த்தால் வருஷத்துக்கு ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட டாலர் ஆகிறது. இதைச் சம்பாதித்துத் தந்தது எந்த யந்திரம்? ஒரு தாள், சில வர்ணப் படங்கள், சில நிமிஷப் பேச்சு.

ஆஸ்திரேலியாவின் அனுபவமும் இதற்கு அரண் செய்கிறது. பிரிஸ்பேனிலும் பெர்த்திலும் 1,206 நோயாளிகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்து நடத்திய பரீட்சை 2011-ல் வெளியாயிற்று. ஒரு பகுதியாருக்குப் புஸ்தகமும் படக்காட்சியும் மட்டும் கொடுத்தார்கள். ஒரு பகுதியாருக்கு அவற்றோடு, பயிற்சி பெற்ற ஒருவர் கட்டிலருகே வந்து பேசவும் ஏற்பாடு செய்தார்கள். புஸ்தகம் மட்டும் பெற்றவர்களிடம் பலன் தெரியவில்லை. பேச்சும் கிடைத்தவர்களில், புத்தி தெளிவாயிருந்தவர்கள் விழுவது வெகுவாகக் குறைந்தது. 2013-ல் அதன் செலவைக் கணக்கிட்டார்கள். புத்தித் தெளிவுள்ளவர்களிடையே ஒரு வீழ்ச்சியைத் தடுப்பதற்கு ஆன செலவு 294 ஆஸ்திரேலிய டாலர். விழுந்தவர் ஒருவருக்கு அதிகப்படியாக ஆகும் செலவு 6,669 டாலர் என்று மேலே கண்டோம். இரண்டும் வெவ்வேறு வருஷத்துக் கணக்குகள். ஆகையால் காசுக்குக் காசு ஒப்பிடுவது சரியாகாது. ஆயினும் எது பெரிது, எது சிறிது என்பதை அறிவதற்கு நுட்பமான தராசு வேண்டியதில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் எட்டு வார்டுகளில், நோயாளிகளுக்குப் போதிப்பதோடு, அவர்கள் சொல்லும் சிரமங்களை ஊழியர்களுக்குத் திருப்பிச் சொல்லும் ஏற்பாட்டையும் சேர்த்துச் செய்தார்கள். 2015-ல் வெளியான முடிவு: விழும் விகிதம் நூற்றுக்கு 40 வீதம் குறைவு.

ஆறு ஏற்பாடுகளோடு நடந்த பெரிய பரீட்சை பலிக்காமல், இந்த எளிய வழி பலித்தது ஏன்? நமது அபிப்பிராயம் இது. முன்னதில் நோயாளிக்காக எல்லாம் செய்யப்பட்டன. பின்னதில் நோயாளியோடு சேர்ந்து செய்யப்பட்டன. "நீங்கள் விழக்கூடும்" என்று தலைமாட்டில் பலகை எழுதி மாட்டினால், அதைப் போகிறவர் வருகிறவர் எல்லோரும் படிப்பார்கள். படுத்திருக்கும் மனிதர் ஒருவர்தாம் படிக்க முடியாது. தாம் விழுவோம் என்று எந்த மனிதரும் நம்புவதில்லை. அந்த நம்பிக்கையை மாற்றக்கூடியது, மரியாதையோடு அவரை உட்காரவைத்துச் சொல்லும் சொல் ஒன்றே. சிகிச்சைக்கு உட்பட்டவரும் சுயமரியாதையுள்ள பிரஜை. அவருக்கு விஷயத்தைச் சொன்னால் அவர் தம்மைத் தாமே காத்துக்கொள்வார்.

சொல்லியும் தெரியாதவர்கள்

இதில் ஒரு குறையை மறைக்காமற் சொல்ல வேண்டும். நோயின் வேகத்தால் புத்தி தடுமாறியிருப்பவர்களுக்கும் ஞாபக சக்தி இழந்த முதியோருக்கும் இப்போதனை பயன்படவில்லை. காலையிற் சொன்னது மாலையில் நினைவிராது. இவர்களுக்கு வேண்டியது பக்கத்தில் ஒரு மனிதர். அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில் 852 முதியோரிடையே நடத்தி 1999-ல் வெளியிட்ட பரீட்சையொன்று இவ்விஷயத்தில் வழிகாட்டுகிறது. மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் மறவாமல் எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் குடிக்கச் செய்வது, இரவில் நிம்மதியாகத் தூங்க விடுவது, பகலில் கைபிடித்து நடக்கச் செய்வது, இன்று என்ன கிழமை என்று பேசிக்கொண்டிருப்பது ஆகிய சிறு உபசாரங்களால், புத்தி தடுமாறுகிறவர் தொகை நூற்றுக்கு 15 பேரிலிருந்து 10 பேருக்குச் சற்றுக் குறைவாக இறங்கிற்று. இம்முறையைக் கைக்கொண்ட இடங்களில் விழுவதும் குறைந்ததென்று பிந்திய ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன. இவ்வுபசாரங்களிற் பெரும்பகுதியைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள்.

நாம் கேட்க வேண்டியவை

இந்த அந்நிய நாட்டுக் கணக்குகளிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் யாது? தாள் மலிவு; வர்ணப் படம் மலிவு. ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு நோயாளியின் பக்கத்தில் சில நிமிஷம் உட்காரக்கூடிய நர்ஸ் வேண்டும். நாற்பது நோயாளிகளுக்கு ஒருவராக ஓடிக்கொண்டிருக்கும் பெண்மணியிடம் போய், "ஒவ்வொருவரோடும் பேசு" என்றால் அது பரிகாசமாகும். ஆகவே நர்ஸுகளின் ஸ்தானங்களைக் காலியாக வைத்துவிட்டு, அந்தப் பணத்தில் கருவிகள் வாங்குவது சிக்கனம் ஆகாது. பயன் தரும் செலவை நிறுத்திப் பயன் தராத செலவை வளர்ப்பதே அது.

நமது ஆஸ்பத்திரிகளில் மேல்நாட்டார் அதிகம் அறியாத ஒரு செல்வமும் இருக்கிறது. நோயாளியின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் மகன், மகள், மனைவி ஆகியோரே அச்செல்வம். பாஸ்டனில் தாள் போட்டு அழைக்கப்பட்ட குடும்பத்தார் இங்கே அழையாமலே வந்து காத்திருக்கிறார்கள். அவர்களை இடைஞ்சல் என்று விரட்டுவதை விட்டு, "இரவில் இவர் எழுந்தால் முதலில் உட்காரவையுங்கள், இரண்டு நிமிஷம் கழித்து நிற்கவையுங்கள், பிறகு நடத்திச் செல்லுங்கள். இந்த மாத்திரை தலையைச் சுற்றவைக்கும்" என்று ஒருவர் நல்ல தமிழிற் சொல்லிக் கொடுத்தால் போதும். அதற்காக நர்ஸின் வேலையெல்லாவற்றையும் அவர்கள் தலையிற் சுமத்திவிடலாம் என்பது கருத்தன்று. அவர்களும் தினக்கூலியை விட்டு வந்து கிடக்கிற ஏழைகளே.

கடைசியாக ஒன்று. எண்ணாததைக் குறைக்க முடியாது. நம் தேசத்தில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று வழங்கும் என்.ஏ.பி.எச். ஸ்தாபனம், நோயாளிகள் விழுவதைத் தர அளவைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. சான்று பெற விரும்பும் ஆஸ்பத்திரிகள் மட்டும் எண்ணினால் போதாது. பொதுஜனப் பணத்தில் நடக்கும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியும், இம்மாதம் இத்தனை பேர் விழுந்தார்கள், இத்தனை பேருக்குக் காயம் என்று எழுதி வைக்க வேண்டும். உண்மையை எழுதிய நர்ஸைத் தண்டித்தால் அடுத்த மாதம் கணக்கில் ஒருவரும் விழமாட்டார்கள். தரையில் மட்டும் விழுந்துகொண்டேயிருப்பார்கள். ஆகையால் எழுதியவருக்குப் பாதுகாப்பு வேண்டும்.

ஆஸ்பத்திரி ஆலோசனைக் குழுக்களில் இருக்கும் அன்பர்களும், சட்டசபையில் பட்ஜெட்டை விவாதிக்கும் அங்கத்தினர்களும், ஊர்தோறும் பொதுக் காரியங்களில் உழைக்கும் தொண்டர்களும் இனி மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். போன வருஷம் எத்தனை பேர் விழுந்தார்கள்? அதற்கு ஆன செலவு என்ன? இரவு வேளையில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்? இம்மூன்றுக்கும் பதில் சொல்ல இயலாத ஆஸ்பத்திரி, தான் சிக்கனமாக நடப்பதாகச் சொல்லிக்கொள்ள உரிமையற்றது. நாளை மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டிய பெரியவர் நாளை மறுநாள் வீட்டுக்குப் போய்ச் சேரட்டும். ஆஸ்பத்திரிக்கு அதைவிட மலிவான சிகிச்சை வேறில்லை.